சட்டைப்பையில் ஒரு சுயம்பு

என்னிடம் இருக்கிற பொருளை இந்தியாவில் யாரும் தயாரிக்கக் கூடாது. இறக்குமதி செய்யக் கூடாது. லாரியில் ஏற்றக் கூடாது, கடையில் விற்கக் கூடாது, குடோனில் அடுக்கக் கூடாது, விளம்பரமும் செய்யக் கூடாது. 2019ல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தில் இவை அத்தனைக்கும் தடை இருக்கிறது. முதல் தடவை விற்று மாட்டினால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் மூன்றாண்டு, ஐந்து லட்சம். இத்தனை கதவையும் சாத்திய சட்டம், அதை வாயில் வைத்து இழுப்பவனுக்கென்று ஒரு தண்டனைப் பிரிவும் எழுதவில்லை. ஆகவே திருப்பூர் மாவட்டத்துப் பொங்கலூரில், திருச்சி ரோட்டோரம், என் சட்டைப்பையில் இருக்கும் இந்த வேப், அதாவது மின் சிகரெட், யாரும் செய்யாமல், யாரும் கொண்டுவராமல், யாரும் விற்காமல் தானாகவே தோன்றியது என்றுதான் நான் நம்ப வேண்டும். சுயம்பு. கொங்கு நாட்டில் சுயம்புவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் டைப் சி சார்ஜரோடு எழுந்தருளியது இது ஒன்றுதான்.

எழுந்தருளிய கதை சின்னது. பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி நம்பர் கொடுத்தான். வாட்ஸ்அப்பில் ஒரு ஹாய் போட்டால் படங்களாக வந்து விழுந்தன: மாம்பழ ஐஸ், தர்பூசணி, புளூபெர்ரி, புதினா. கூடவே வாய்ஸ் மெசேஜ்: “ஒரிஜினல் பீஸுங்ணா, டூப்ளிகேட்னா பணம் வாபஸுங்ணா.” கடத்தி வந்த சரக்கிலும் ஒரிஜினல், டூப்ளிகேட் பார்க்கிற அளவுக்கு நாணயம் இன்னும் ஊரில் மிச்சமிருக்கிறது. பனியன் கம்பெனியில் கணக்கெழுதிப் பழகிய நாக்கு சும்மா இருக்காமல், “பில் வருங்களா தம்பி?” என்று கேட்டுவிட்டது. கொஞ்ச நாள் பதிலே இல்லை. ஜிஎஸ்டி ஆபீஸ் ஆள் என்று நினைத்திருப்பான். பிறகு ‘மொபைல் ஆக்சஸரீஸ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய பார்சல் வந்து சேர்ந்தது.

உள்ளங்கைக்குள் அடங்குகிற பொருள். பக்கவாட்டில் சின்னத் திரை. பேட்டரி எத்தனை சதவீதம், சாறு எத்தனை சதவீதம் என்று நீல எழுத்தில் காட்டும். என் நுரையீரல் எத்தனை சதவீதம் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

சிகரெட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அது தீர்ந்துவிடும். டீ பிரேக்கில் வெளியே போய்ப் பற்றவைத்து, விரல் சுடும்போது போட்டு மிதித்துவிட்டு உள்ளே வந்துவிடலாம். இதற்கு விரல் சுடுகிற கட்டமே கிடையாது. ஓவர்லாக் மிஷின் சத்தத்துக்கு நடுவே ஒன்று, பாத்ரூமில் ஒன்று, ரெயில்வே கேட்டில் நிற்கும்போது ஒன்று, ராத்திரி போர்வைக்குள் ஒன்று. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற ஊரில் ஓய்வே இல்லாமல் உழைக்கிற ஒரே உறுப்பாக என் உதடு ஆகிவிட்டது. சிகரெட் நெடி இல்லை என்பதால் வீட்டிலும் கேட்பாரில்லை. அம்மா மட்டும் ஒருநாள் மூக்கைச் சுளித்து, “சாமி ரூம்ல பழம் ஏதாச்சும் அழுகுதா பாரு கண்ணு” என்றார். பார்த்தேன். ஒன்றும் அழுகவில்லை என்று சொன்னேன்.

சாறு தீர்ந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், சுருளை ஒட்டி ஈரமான ஒரு துண்டுப் பஞ்சு. ஆமாம், பஞ்சு. நிகோடின் சாற்றை உறிஞ்சிச் சுருளுக்குக் கொடுக்கிற திரி அதுதான். சாறு வற்றுகிற நேரம் இழுத்தால் கருகிய பஞ்சு நெடி தொண்டையைக் கிழிக்கும். மற்ற ஊர்க்காரன் பயந்துவிடுவான். திருப்பூர் ஜில்லாக்காரனுக்கு அது பழகிய நெடி. நிட்டிங் மிஷினடியில் நின்றவர் காலையில் கறுப்புச் சட்டை போட்டுப் போனால் சாயங்காலம் நரைத்த சட்டையோடு வருவார். பஞ்சாலைத் தூசியால் வருகிற நோய்க்கு பைசினோசிஸ் என்று பெயர். லீவு முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள் நெஞ்சை இறுக்கும், வாரம் ஓட ஓடச் சற்றுத் தளரும், வருஷம் ஓட ஓடத் தளராமலே நின்றுவிடும். அந்தத் தூசியை நிறுத்த அவசரச் சட்டம் போடுகிறோம் என்று எந்த அமைச்சரும் டெல்லியில் நிருபர்களைக் கூட்டியதாக நான் பார்க்கவில்லை.

எனக்காகக் கூட்டினார்கள். 2019 செப்டம்பர் 18. வேப்புக்குத் தடை என்ற, என் நுரையீரலைப் பற்றிய அறிவிப்பை வெளியிட்டவர் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். மூச்சு சம்பந்தப்பட்ட விஷயத்தை கஜானாவைப் பார்த்துக்கொள்கிறவர் சொல்கிறாரே என்று விழித்த என் போன்ற அப்பாவிகளுக்குப் பங்குச் சந்தை அன்றைக்கே விளக்கம் கொடுத்தது. சிகரெட் கம்பெனிகளின் பங்கு ஏறியது. சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யில் எல்.ஐ.சி.க்கு மட்டும் ஏறத்தாழ 15 சதவீதப் பங்கு. அரசு சார்பில் இன்னொரு அமைப்பின் கையில் எட்டு சதவீதத்தை ஒட்டி. என் ஆயுளுக்குப் பாலிசி போட்டிருக்கிற நிறுவனமே நான் சிகரெட் பிடித்தால் லாபம் பார்க்கிறது. பிடிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு டெர்ம் பாலிசி கேட்டால் பிரீமியத்தையும் கூட்டுகிறது. போகிற வழியிலும் சுங்கம், வருகிற வழியிலும் சுங்கம்.

ஐ.டி.சி.யைச் சும்மா சொல்லக் கூடாது, அது எல்லாத் துறையிலும் கால் வைத்த கம்பெனி. 2014ல் ‘இயான்’ என்ற பெயரில் மின் சிகரெட்டும் விட்டது. சிகரெட்டை விட நினைக்கிறவனுக்கு நிகோடின் சூயிங்கம்மும் விற்பனைக்கு விட்டது. நோய், மருந்து, ஊன்றுகோல் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அரசாங்கமும் சளைத்ததல்ல. புகையிலையை வளர்க்க குண்டூரில் மத்திய அரசின் புகையிலை வாரியம், நம் திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம், புகையிலையை ஒழிக்க டெல்லியில் ஒரு தேசியத் திட்டம். வருஷத்துக்குப் பதின்மூன்று லட்சம் பேரைக் கொல்கிறது என்று அரசே சொல்கிற சரக்குக்கு வாரியம், ஆராய்ச்சி, விலை, வரி. பீடி சுற்றும் கூலிக்காரர்களைக் காட்டி, பீடிக்கு ஜிஎஸ்டியை 28லிருந்து 18 ஆக இறக்க 2025 செப்டம்பரில் கவுன்சில் முடிவும் எடுத்தது. அந்தக் கூலிக்காரப் பெண்களின் கூலியை ஏற்றுவது அந்தக் கவுன்சிலின் வேலை இல்லை.

மின் சிகரெட்டை ஏன் தடை செய்தாய் என்று நான் கேட்கவில்லை. செய்யட்டும். சிகரெட் என்கிற அந்தப் பெரிய நோயை ஏன் பெட்டிக்கடைதோறும் தொங்கவிட்டிருக்கிறாய் என்பதுதான் கேள்வி. பொங்கலூர் பஸ் ஸ்டாப்பில் நின்று பாருங்கள். கடைக்காரர் பாக்கெட்டை உடைத்து ஒத்தை சிகரெட்டாக நீட்டுவார். பக்கத்தில் லைட்டர் நூலில் கட்டித் தொங்கும். பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்குப் புற்றுநோய் படம் போட வேண்டும் என்று 2016ல் கட்டாயமாக்கினார்கள், பெரிய சாதனைதான். படம் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. அழுகிய வாயை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே ஆள் அவர்தான். பாவம், அவருக்குப் புகைப் பழக்கம் கிடையாது. பொது இடத்தில் பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்ற விதி 2003ல் போட்ட சட்டத்திலேயே இருக்கிறது. அந்த விதியைப் பற்றிப் பேச்செடுத்தபோது ரோந்து வந்த ஏட்டய்யா சிரித்த சிரிப்பில் வெளியே வந்த புகையை நானே பார்த்தேன்.

நாங்கள் இழுக்கிற ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. “இங்கிலாந்துல அரசாங்கமே சொல்லியிருக்குங்க, சிகரெட்டைவிட 95 சதவீதம் பாதிப்பு கம்மி” என்று பேக்கரியில் வேதம் ஓதுவோம். 2015ல் அங்கே அரசு சுகாதார அமைப்பு அப்படிச் சொன்னது நிஜம். ஆனால் அந்த ஊரில் மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் சேர்க்கக் கூடாது. என் பார்சலில் வந்ததன் மேல் ஐந்து சதவீதம், அதாவது 50 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. அதுவும் உண்மையா என்று பார்க்க எந்த ஆய்வகமும் இல்லை, ஏனென்றால் இந்தப் பொருளே இல்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வேப்பை அந்த இங்கிலாந்தே 2025 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டது. வேதத்தின் அந்தப் பக்கத்தை நாங்கள் புரட்டுவதில்லை.

சரக்கு வருகிற சீனாவைப் பாருங்கள். உலகத்து வேப்பில் பெரும்பங்கு ஷென்சென் நகரத்துத் தொழிற்சாலைகளில் தயாராகிறது. 2022 அக்டோபரில் சீனா, உள்நாட்டில் பழச்சுவை வேப் விற்கக் கூடாது, புகையிலைச் சுவை மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. ஏற்றுமதிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஏற்றுமதி என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. முதல் தரம் கப்பலேறும், ஓட்டை விழுந்த செகண்ட்ஸ் திருப்பூர் காதர்பேட்டைச் சந்தைக்குப் போகும். அந்த வழக்கத்தைச் சீனாக்காரன் தலைகீழாகத் திருப்பியிருக்கிறான். தன் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது என்று ஒதுக்கிய மாம்பழத்தைக் கப்பலேற்றுகிறான், அது இங்கே இறங்குகிறது.

யாருக்கு இறங்குகிறது? எனக்கு நாற்பது தாண்டியாயிற்று, எனக்கெதற்கு மாம்பழச் சுவை, பொம்மைப் படம், மினுக்குகிற விளக்கு? பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையனின் பையிலிருந்து பி.டி. மாஸ்டர் ஒரு ஹைலைட்டர் பேனாவை எடுத்திருக்கிறார். எழுதவில்லை. உதறினார், எழுதவில்லை. மூடியை மோந்து பார்த்ததும் ஸ்ட்ராபெர்ரி. சிகரெட் விற்கிற பெட்டிக்கடைக்காரருக்காவது 18 வயது, பள்ளிக்கு 100 கெஜம் என்று மீறுவதற்கு ஒரு கோடு இருக்கிறது. வாட்ஸ்அப் கடைக்குப் பள்ளிக்கூடமும் தெரியாது, வயதும் தெரியாது. ஜிபே நம்பர் மட்டும் தெரியும். தடை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிடிக்க ஆளும் வைக்காமல், பார்சலைத் திறந்து பார்க்க நேரமும் ஒதுக்காமல், விற்பனையை மொத்தமாகக் கடத்தல்காரனுக்கு வரியில்லாமல் எழுதிக்கொடுத்ததற்குப் பெயர் பொது சுகாதாரமாம்.

இது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. குட்காவை 2013ல் தடை செய்தோம். இன்றைக்கும் ஹான்ஸ் என்கிற மெல்லும் புகையிலை வேண்டுமென்றால் கேட்கிற குரலை லேசாகத் தாழ்த்தினால் போதும், கல்லாவுக்கு அடியிலிருந்து கை வரும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் பன்னிரண்டு மணி நேரம் நின்று தைக்க உதட்டுக்குள் அதை அடக்கிக்கொள்கிறார்கள். போலீஸ் பிடிப்பதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற பாட்டியைத்தான். 2018ல் மின் சிகரெட்டையும் தமிழக அரசு தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் குட்கா லஞ்ச வழக்கில் அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் வீட்டிலும், டி.ஜி.பி. டி.கே. ராஜேந்திரன் வீட்டிலும் சி.பி.ஐ. சோதனை போட்டது. குற்றச்சாட்டை அமைச்சர் மறுத்தார். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் குட்கா தடையை ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இத்தனை வருஷமும் கல்லாவுக்கு அடியில் இருந்த கை ஒருநாள்கூட லீவு போடவில்லை.

நம் சட்டமன்ற, நாடாளுமன்றங்களுக்கு இதிலெல்லாம் கோபமே வராது என்று சொல்லிவிட முடியாது. 2017 ஜூலையில், தடைசெய்த குட்கா தாராளமாகக் கிடைக்கிறது என்று காட்ட தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் பாக்கெட்டுகளைச் சட்டப்பேரவைக்குள்ளேயே கொண்டுவந்து தூக்கிப் பிடித்தார்கள். உடனே நடவடிக்கை பாய்ந்தது, பாக்கெட்டைக் கொண்டுவந்தவர்கள்மேல். உரிமை மீறல் நோட்டீஸ். 2025 டிசம்பரில் மக்களவையில் பா.ஜ.க.வின் அனுராக் தாக்குர் எழுந்து, எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர் அவைக்குள்ளேயே மின் சிகரெட் பிடிக்கிறார் என்று புகார் சொன்னார். சபாநாயகர் ஓம் பிர்லா, நடவடிக்கை எடுப்பதாகச் சொன்னார். அவைக்குள் யார் பிடித்தது என்பதுதான் அன்றைக்குக் கேள்வி. தயாரிக்க, இறக்க, ஏற்ற, விற்க அத்தனைக்கும் அதே அவை தடை போட்ட பொருள் டெல்லி வரைக்கும் யார் கையால் வந்தது என்ற கேள்வி அந்தக் கூச்சலில் என் காதில் விழவில்லை.

அவையின் மாண்பைக் காக்க சபாநாயகர் இருக்கிறார், மார்ஷல் இருக்கிறார், மூலைக்கு மூலை கேமரா இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு பி செக்‌ஷனின் மாண்பைக் காக்கப் பையை உதறிப் பார்க்கிற பி.டி. மாஸ்டர் ஒருத்தர் இருக்கிறார். அவரையும் இப்போது வாக்காளர் பட்டியல் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.