ஜோடியைப் பிரித்துப் பார்க்கும் கணக்கு

கே: ஐஸ் ஹாக்கியில் டிஃபன்ஸ் ஆட்டக்காரர்களை ஏன் இரண்டிரண்டு பேராகவே பேசுகிறார்கள்?

ப: களத்தில் இறங்குவதே அப்படித்தான். என்.ஹெச்.எல். அணி ஓர் ஆட்டத்துக்குப் பொதுவாக ஆறு பேரை வைத்துக்கொள்ளும், மூன்று ஜோடி. முக்கால் நிமிடம் போல ஆடிவிட்டு ஒரு ஜோடி பெஞ்சுக்கு வரும், அடுத்தது இறங்கும். ஒருவர் முன்னேறினால் மற்றவர் பின்னால் காவல் நிற்க வேண்டும். அதனால் ஒருவர் பெயரில் இருக்கும் எண்ணில் பாதி மற்றவருடையது.

கே: ஒருவர் களத்தில் இருக்கும்போது அணி போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழிக்கும் பிளஸ்-மைனஸ் இருக்கிறதே, அது போதாதா?

ப: போதவே போதாது. 2022-23இல் சான் ஹோசே ஷார்க்ஸின் எரிக் கார்ல்சன் 101 புள்ளிகள் எடுத்தார். சிறந்த டிஃபன்ஸ் ஆட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பையும் அவருக்கே. அவருடைய பிளஸ்-மைனஸ்? மைனஸ் 26! எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர்ப்ளேயில் அவர் உருவாக்கும் கோல் இந்தக் கணக்கில் சேராது. கோலியை வெளியே எடுத்த பிறகு காலி வலையில் வாங்கும் கோல் சேரும். போதாததற்கு, அந்த அணி 82 ஆட்டங்களில் வென்றது 22தான்.

கே: கோர்சி என்றால் என்ன?

ப: கோலை மட்டும் எண்ணாமல், கோலை நோக்கி அடித்த எல்லா ஷாட்டையும் எண்ணுவது. உள்ளே போனது, கோலி தடுத்தது, குறி தவறியது, நடுவில் யார் மீதாவது பட்டு நின்றது எல்லாம் சேர்த்தி. பஃபலோ சேபர்ஸில் கோலிகளுக்குப் பயிற்சி கொடுத்த ஜிம் கோர்சியின் பெயர் அது. இரு அணியும் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் அடிக்கும் கோல் ஆறு போலத்தான். ஷாட் முயற்சிகளோ நூறைத் தாண்டும். எண்ணிக்கை கூடினால் அதிர்ஷ்டத்தின் பங்கு குறையும்.

கே: பாய்ந்து விழுந்து ஷாட்டை உடம்பில் வாங்குகிறவர்தானே உண்மையான வீரர்?

ப: துணிச்சலில் சந்தேகமே இல்லை. ஆனால் பக் (ஆடும் வட்டு) ஏன் இவ்வளவு நேரம் எதிரியிடமே இருந்தது? தங்கள் பகுதியின் எல்லையான நீலக்கோட்டிலேயே மறித்திருந்தால் விழ வேண்டிய தேவையே வந்திருக்காது. பக்கைக் கட்டுப்பாட்டில் வைத்தபடி கோட்டைத் தாண்டினால், சும்மா உள்ளே அடித்துவிட்டுத் துரத்துவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஷாட் கிடைக்கிறது என்று எண்ணிக் காட்டியவர் எரிக் டல்ஸ்கி. வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 2024இல் கரோலினா ஹரிக்கேன்ஸின் ஜெனரல் மேனேஜர் ஆனார்.

கே: ஒரு ஜோடி இறங்கினாலே எங்கள் கோலி பிரமாதமாகத் தடுக்கிறார். ஜோடிக்குப் பாராட்டு உண்டுதானே?

ப: அவசரப்படாதீர்கள். ஒரு ஜோடி களத்தில் இருக்கும்போது கோலி தடுக்கும் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக மாறும். ஷாட் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் ஜோடியின் கை இருக்கிறது. அதற்கு, ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பைக் கூட்டும் எதிர்பார்ப்புக் கோல் கணக்கைப் பாருங்கள்.

கே: இருவரில் யார் தூக்குகிறார், யார் தொற்றிக்கொள்கிறார்? கண்டுபிடிக்க வழி உண்டா?

ப: இதுதான் கேள்வி! மூன்று எண்களை எடுங்கள்: இருவரும் சேர்ந்து ஆடியபோது, முதலாமவர் மட்டும், இரண்டாமவர் மட்டும். சேர்ந்து ஆடும்போது ஷாட்டில் 54 சதவீதம் தங்கள் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். பிரிந்த பிறகு ஒருவர் 53இல் நிற்கிறார், மற்றவர் 46க்கு இறங்குகிறார் என்றால், யாரைச் சந்தேகிப்பது என்று தெரிகிறது. சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. பிரிந்தபோது பக்கத்தில் நின்றது யார்? அணி முன்னிலையில் இருந்ததா? முன்னிலையில் இருக்கும் அணி பதுங்கும், ஷாட் எதிரிக்குப் போகும்.

இதையெல்லாம் ஒரே சமயத்தில் சரிக்கட்டப் பின்னடைவு (ரெக்ரஷன்) கணக்கு வந்தது. கூட ஆடியவர், எதிரே ஆடியவர் எல்லோருக்கும் அது பங்கு பிரிக்கும். ஆனால் பத்தில் ஒன்பது நிமிடம் சேர்ந்தே ஆடுகிற ஜோடியிடம் அதுவும் திணறுகிறது. இரட்டை நாயனத்தில் யார் மூச்சு நீளம் என்று கேட்பது போலத்தான். கணக்கு புகழை இருவருக்கும் ஏறக்குறையச் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடும். அதை அளவீடு என்று நம்பிச் சம்பளம் பேசுவது தப்பு. பயிற்சியாளர் அவ்வப்போது ஜோடியைக் கலைத்துப் போட்டால்தான் உண்மை வெளியே வரும்.

டெவன் டேவ்ஸுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஐலண்டர்ஸில் இருந்தபோதே ஷாட் கணக்கு பார்ப்பவர்கள் அவரை மெச்சினார்கள். 2020 அக்டோபரில் புதுமுகத் தேர்வில் இரண்டாம் சுற்று வாய்ப்புகள் இரண்டைக் கொடுத்து கொலராடோ அவரை வாங்கியது. கேல் மக்காருடன் ஜோடி சேர்ந்தார். 2022இல் ஸ்டான்லி கோப்பை. விருதுகள் மக்காருக்குப் போயின, தகுதியோடுதான். ஆனால் டேவ்ஸை வெறும் துணை என்று எழுதுகிறவர்கள் அவருடைய பழைய எண்களைப் பார்க்க வேண்டும்.

கே: எண் பார்க்கிறவர்களும் கோட்டை விடுவது உண்டா?

ப: உண்டு. டல்ஸ்கி வேலை பார்த்துக்கொண்டிருந்த அதே கரோலினா, 2021 ஜனவரியில் கஸ்டவ் ஃபோர்ஸ்லிங்கை வேய்வர்ஸில், அதாவது வேறு எந்த அணியும் எடுத்துக்கொள்ளலாம் என்ற பட்டியலில், விட்டது. புளோரிடா எடுத்துக்கொண்டது. ஏரன் எக்பிளாடுடன் முதல் ஜோடியில் ஆடினார். 2024, 2025 இரண்டு ஆண்டும் கோப்பை புளோரிடாவுக்கு.

கே: டி.வி.யில் பார்க்கும்போது நான் எதைக் கவனிப்பது?

ப: பக்கைத் துரத்தாதீர்கள். எதிரி நடுக்களத்தைத் தாண்டும் நொடியில் உங்கள் ஜோடிக்கும் அவருக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். பிறகு, பக்கை மீட்டவர் தன் ஜோடிக்குக் கொடுக்கிறாரா, கண்ணாடியில் அடித்துத் தள்ளிவிடுகிறாரா என்று பாருங்கள். ஒரு பீரியட் இப்படிப் பார்த்துவிட்டு, இடைவேளையில் ஷாட் எண்ணிக்கையை ஒத்துப் பாருங்கள்.