காவல்காரர் கையில் கொத்துச்சாவி

பெரிய நிறுவனங்களின் நெட்வொர்க் முழுவதையும் கண்காணிக்க சோலார்விண்ட்ஸ் என்ற கம்பெனி விற்ற மென்பொருள் ஓரியன். கண்காணிக்க வேண்டுமானால் எல்லாக் கதவுக்கும் சாவி தரவேண்டும், தந்தார்கள். 2020 மார்ச்சிலிருந்து வந்த அப்டேட்டுகளில் யாரோ பின்வாசல் வைத்திருந்தார்கள். கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பம் மட்டும் பளிச்சென்று இருந்தது. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் இறக்கிக்கொண்டார்கள், அமெரிக்க நிதித்துறை உட்பட. உள்ளே போன நிரல் புதுமாப்பிள்ளை போல இரண்டு வாரம் வரை வேலையே செய்யாமல் படுத்திருந்தது. அப்டேட் போடச் சோம்பல்பட்டவர்கள் தப்பினார்கள். ஒழுங்காகப் போட்டவர்கள் மாட்டினார்கள். டிசம்பரில் கண்டுபிடித்தது ஃபயர்ஐ என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், தன் வீட்டிலேயே களவு போன பிறகு.

2021 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை. ‘சோலார்விண்ட்ஸ்123’ என்றொரு பாஸ்வேர்டு இருந்ததாமே என்று கேட்டார்கள். (திருடன் அந்த வழியாக வந்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை; அவன் அவ்வளவு எளிதான வழியைக் கேவலமாக நினைத்திருக்கலாம்.) அது ஒரு இன்டர்ன் செய்த தவறு என்றார் சோலார்விண்ட்ஸின் முன்னாள் தலைமை அதிகாரி.