மறுவெளியீட்டு மீமாம்சை

சாஸ்திரம் எழுதப் புகுவோர் விஷயம், அதிகாரி, சம்பந்தம், பிரயோஜனம் என்னும் நான்கையும் முதற்கண் வரையறுத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த நியதி. அவ்விதம் செய்யாமல் தொடங்கிய நூல், டிக்கெட்டின்றிக் கொட்டகைக்குள் புகுந்த ஆசாமியைப் போல எந்த நேரத்திலும் வெளியேற்றப்படலாம். ஆதலின், பழைய வெற்றிப் படங்களை மீண்டும் திரையிடுதல் என்னும் இந்த மகத்தான விவகாரத்தை ஆராயத் துணிந்த யாமும் அந்நியதிக்குக் கட்டுப்பட்டே நடக்கச் சித்தமாயிருக்கிறோம்.

விஷயமாவது: முன்னொரு காலத்தில் வெளிவந்து, ஓடி, வசூலித்து, பின்பு தொலைக்காட்சியில் பண்டிகைதோறும் பற்பசை விளம்பரங்களுக்கும் சோப்பு விளம்பரங்களுக்கும் இடையே வந்து வந்து, பள்ளிப் பிள்ளைகள் முதல் பாட்டிமார் ஈறாக யாவருக்கும் மனப்பாடமாகிவிட்ட ஒரு படத்தை, அதன் கதை அறியாதார் ஒருவரும் இலர் என்பதை நன்கறிந்த விநியோகஸ்தர் மீண்டும் திரையிட, அதே கதையை அவரினும் நன்கறிந்த ஜனங்கள் காசு கொடுத்து அதைக் காண முண்டியடித்துக்கொண்டு வருகின்ற அதிசயம்.

இவ்வதிசயம் நேற்று முளைத்ததன்று. 1944-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட வரலாற்றைத் தமிழ்நாட்டில் அறியாதாரில்லை. மறுவெளியீட்டுக்கு அவகாசமே கொடாமல் முதல் வெளியீட்டையே நீட்டிக்கொண்டுபோன அப்படத்தை, இத்துறையின் ஆதி முன்னோடி எனக் கொள்வதில் தவறில்லை. அதற்குப் பின்வந்த காலத்திலோ, பட்டணத்தில் ஓடி முடிந்த படம் இரண்டாம் ஓட்டத்துக்குச் சிற்றூர்க் கொட்டகைக்கும், அதன்பின் மணல் தரையும் கீற்றுக் கூரையுமாய் நின்ற டூரிங் டாக்கீஸுக்கும் இறங்கி, தரை டிக்கெட்டுக்காரரின் ஆதரவில் வருஷக்கணக்காய் ஜீவித்திருந்தது. அப்போது சுவரொட்டிகளில் ‘புத்தம் புதிய காப்பி’ என்று கொட்டை எழுத்தில் அச்சிடுவார்கள். படம் பழையது என்பதை மறைக்கவேண்டிய அவசியம் எவருக்கும் இருந்ததில்லை. பிலிம் சுருள் புதியது என்பதைத்தான் பறைசாற்ற வேண்டியிருந்தது. விநாடிக்கு 24 சட்டங்கள் வீதம், நிமிஷத்துக்கு 90 அடியாக ஓடும் 35 மில்லிமீட்டர் பிலிம், இரண்டரை மணி நேரப் படமொன்றுக்கு ஏறத்தாழ 13,500 அடி நீளமாகி, காட்சிதோறும் புரொஜக்டரின் பற்சக்கரங்களில் உராய்ந்து உராய்ந்து கீறல் விழுந்து, வெயில் காலத்துக் காட்சியிலும் திரையில் மழை பெய்விக்கும் தன்மையது. மழை பெய்யாத கதாநாயகனைக் காண்பதே ஒரு பாக்கியமாயிருந்த காலம் அது.

இடைக்காலத்தில் தொலைக்காட்சியும் ஒளித்தகடும் பெருகி இவ்வழக்கம் தேய்ந்தது. 1964-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வெளிவந்த பி. ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’, பழுது நீக்கப்பெற்று, 2012-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டிஜிட்டல் வடிவில் மீண்டும் வெளிவந்து, குளிரூட்டிய புதிய கொட்டகைகளிலேயே நூறு நாள்களைக் கடந்தபோதுதான் அது புத்துயிர் பெற்றது. 2014-இல் அதே பந்துலுவின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ அவ்வழியே வந்து நூறு நாள் கண்டது. 2022-இல் தெலுங்கு தேசத்தார் மகேஷ் பாபுவின் பிறந்த நாளுக்கு ‘போக்கிரி’யைத் திரையிட்டு இதனை ஒரு வருஷாந்திர உற்சவமாக்கினர். 2024 ஏப்ரல் 20-ஆம் தேதி தரணி இயக்கிய ‘கில்லி’ இருபதாண்டு கழித்து மீண்டும் வந்ததும், விவகாரம் பண்டிதர்களின் கவனத்தையும் ஈர்த்தே தீரும் என்ற நிலையை அடைந்தது.

இனி, பூர்வபக்ஷம். இவ்வதிசயத்துக்குக் காரணம் கற்பிக்கும் வாதிகள் மூவர்.

முதல்வர் பொருளாதார வாதி. புதுப் படங்கள் இல்லாத வறட்சியில் பழையன ஓடுகின்றன என்பது அவர் கட்சி. ‘கில்லி’ வந்ததற்கு முதல் நாளாகிய ஏப்ரல் 19-ஆம் தேதிதான் தமிழ்நாட்டில் பாராளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது. அக்கோடையில் பெரிய படங்கள் யாவும் ஒதுங்கி நின்றன. விரலில் வைத்த மை உலருமுன்னே ஜனங்கள் போகத்தக்க இடம் வேறு இல்லை என்று அவர் பிரமாணம் காட்டுவார். பிரமாணம் மெய்யே, அநுமானம் பிழை. வறட்சியே காரணமாயின் எந்தப் பழைய படமும் ஓடவேண்டும். மறுவெளியீடு கண்ட படங்கள் பலவும், போஸ்டரில் தடவிய பசை காயுமுன்னே பெட்டிக்குள் திரும்பியதை அவர் கணக்கிற் கொண்டிலர்.

இரண்டாமவர் ஞாபக வாதி. கழிந்த இளமையை மீட்டுக்கொள்ளவே ஜனங்கள் வருகின்றனர் என்று நெகிழ்ந்த குரலில் கூறுவார். இது கேட்பதற்கு இனிமையாயிருப்பினும், ‘கில்லி’க்கு எழுந்து ஆடிய வாலிபர்களில் எத்தனையோ பேர் 2004-இல் பிறந்திராதவர்கள். தான் பிறவாத காலத்தை ஒருவன் நினைவுகூர்வதற்குப் பூர்வ ஜன்ம வாசனையைத் தவிர வேறு ஆதாரம் காட்டவியலாது. அவ்வளவு தூரம் போக யாம் ஒருப்படோம்.

மூன்றாமவர் பக்தி வாதி. நடிகர்மீதுள்ள பிரேமையே சகலத்துக்கும் மூலம் என்பார். விஜய் 2024 பிப்ரவரியில் கட்சி தொடங்கி, சினிமாவை விட்டு விலகுவதாக அறிவித்ததையும், விஜயகாந்த் மறைந்தபின் 2025 ஆகஸ்டில், அவர் பிறந்த நாளையொட்டி, அவருடைய நூறாவது படமாகிய ‘கேப்டன் பிரபாகரன்’ மீண்டும் வந்ததையும் சான்றாக வைப்பார். பக்தி உண்டு; யார் மறுத்தார்? ஆனால் ஒரே நடிகரின் படங்களுள் சில மட்டுமே இவ்வரவேற்பைப் பெற, மற்றவை பெறாமற் போவதேன் என்று கேட்டால், பக்தி வாதி தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்.

மூவரையும் வணங்கி விடைகொடுத்துவிட்டுச் சித்தாந்தத்துக்கு வருவோம். இதன்பொருட்டு ஒரு காட்சியை அணுகி நோக்குதல் அவசியம். 1999-இல் வந்த ‘படையப்பா’வில், நீலாம்பரி நாற்காலியில் கால்மேல் காலிட்டு அமர்ந்திருக்க, வந்த படையப்பனுக்கு ஆசனமில்லை. அவன் சுற்றுமுற்றும் பார்க்கிறான். பின் மேலே பார்க்கிறான். உத்தரத்தோடு தூக்கிக் கட்டிய ஊஞ்சலின்மீது தோளிலிருந்த அங்கவஸ்திரத்தை வீசி, அதை இழுத்து இறக்கி அமர்கிறான். முதல் வெளியீட்டில் கொட்டகை எப்போது ஆர்ப்பரித்தது? ஊஞ்சல் இறங்கியபின். மறுவெளியீட்டிலோ, அவன் கண் மேலே போகுமுன்பே, சொல்லப்போனால் நாற்காலியில்லை என்று தெரியவருமுன்பே, பின்வரிசையிலிருந்து விசில் புறப்பட்டுவிடுகிறது.

இவ்விடத்தில்தான் தத்துவ விசாரத்துக்கு வேலை வருகிறது. காரியமானது காரணத்தில் முன்னமே இல்லை, புதிதாகத் தோன்றுகிறது என்பர் நையாயிகர். அது அசற்காரிய வாதம். காரியம் காரணத்திலேயே மறைந்து உறைகிறது, பின்பு வெளிப்படுகிறது அவ்வளவே என்பர் சாங்கியர். அது சற்காரிய வாதம். சைவ சித்தாந்திகளுக்கும் இது உடன்பாடே. முதல் வெளியீட்டு ரசிகன் நையாயிகன்: ஊஞ்சல் இறங்கினாலன்றி அவனுக்கு ஊஞ்சலில்லை. மறுவெளியீட்டு ரசிகன் பழுத்த சாங்கியன்: படையப்பன் வாசற்படியில் கால் வைத்ததுமே அவனுக்கு ஊஞ்சல் இறங்கியாயிற்று. பல நூற்றாண்டுகளாய்த் தீராதிருந்த இவ்வழக்கு இரவுக் காட்சியில் ஒரு விசிலால் தீர்க்கப்பட்டதைச் சாஸ்திரக்காரர்கள் இன்னும் கவனிக்கவில்லை.

இதனால் பெறப்படுவது யாதெனில், மறுவெளியீட்டில் ஜனங்கள் படம் பார்க்க வருவதில்லை. படத்தை நடத்தவே வருகின்றனர். வசனத்தை முந்திக்கொண்டு உரைப்பவர் அவர். பாடலை உரத்துப் பாடுபவர் அவர். திரையிலுள்ள நடிகர் இவர்களுக்குப் பின்பாட்டு. இது புதுமையா எனின், அன்று. வட தமிழ்நாட்டுத் திரௌபதியம்மன் திருவிழாவில் ‘கர்ண மோட்சம்’ கூத்துக்கு விடிய விடியக் கண்விழிக்கும் ஊரார், கர்ணன் இம்முறையேனும் பிழைப்பானோ என்று பார்க்கப் போவதில்லை. அவன் சாவான் என்பது தெரிந்திருந்தாற்றான் அழவேண்டிய இடத்தில் ஒருங்கே அழ முடியும். அடுத்து என்ன நடக்கும் என்று அறியாமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பதே கலாநுபவம் என்னும் கொள்கை நம் நாட்டுக்கு அண்மையில் வந்தது. 2012-இல் ‘கர்ணன்’ ஓடியபோது, பழைய கொள்கை தன் ஆசனத்தை மீட்டுக்கொண்டது, அவ்வளவே. வீட்டில் இலவசமாய்க் கிடைப்பதைக் கொட்டகையில் காசு கொடுத்துப் பார்ப்பானேன் என்ற ஆட்சேபத்துக்கும் இதுவே விடை: வீட்டில் ‘செல்லம்’ என்று ‘கில்லி’யின் முத்துப்பாண்டிக்கு முன்னதாய்க் கூவினால், அடுக்களையிலிருந்து வேறு விதமான பதில் வரும்.

இச்சித்தாந்தத்துக்கு ஒரு பரிசோதனையும் தற்செயலாய் நிகழ்ந்திருக்கிறது. முதல் வரவில் தோற்ற படங்களாகிய ‘பாபா’வும் ‘ஆளவந்தா’னும் முறையே 2022, 2023-ஆம் ஆண்டுகளின் டிசம்பரில், நீளம் குறைக்கப்பெற்றுத் திரும்பி வந்தன. இவற்றை மறுவெளியீடு என்பதினும் மேல்முறையீடு என்பது பொருந்தும். கீழ்க்கோர்ட்டில் தோற்ற கட்சிக்காரர், வாதத்தைச் சுருக்கிக்கொண்டு மேற்கோர்ட்டுக்கு வந்த நிலை. ஆயின் இங்கே ஓர் இடையூறு உண்டு: முந்திக்கொண்டு வசனம் கூவிய ரசிகன், அவ்வசனமிருந்த காட்சியே கத்தரிக்கப்பட்டிருந்தால், அந்தரத்தில் விடப்படுகிறான். மனப்பாடத்தில் கை வைக்கும் எடிட்டர், பாராயணத்தின் நடுவே ஏட்டைக் கிழித்த பாவத்துக்கு ஆளாகிறார்.

அடுத்து, அதிகாரிகள். கொட்டகைக்குள் அமரும் யோக்கியதை பெற்றோர் ஐவகையினர். வசனத்தை நடிகருக்கு அரை விநாடி முன்னதாகச் சொல்லும் உபாத்தியாயர் முதல் வகை. இவர் இருபுறத்தும் பார்த்துத் தம் புலமை பதிவாயிற்றா என்று நிச்சயித்துக்கொள்வார். கூடவே சொல்லும் கோஷ்டியார் இரண்டாம் வகை. பாட்டு வந்ததும் திரைக்கு முதுகைக் காட்டி ஆடும் நர்த்தகர் மூன்றாம் வகை. ‘அப்படிப் போடு’ தொடங்கியதும் இவர் முன்வரிசைக்கும் திரைக்கும் இடைப்பட்ட நிலத்தைக் கைப்பற்றுவார். இவர்கள் எல்லாரையும் செல்போனில் பிடித்துக்கொண்டு, படத்தையும் ஆட்டத்தையும் ஒருங்கே காணாது விடும் சாட்சிகள் நான்காம் வகை. பிள்ளையை அழைத்துவந்து, திரையை விட்டுவிட்டுப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு, முக்கியமான இடம் வருமுன் முழங்கையால் இடித்து எச்சரிக்கும் தந்தையர் ஐந்தாம் வகை. இவ்வைந்திலும் அடங்காத பிராணி ஒன்றுண்டு. படத்தை இதுகாறும் பாராதவர். ‘அப்புறம் என்ன ஆகும்?’ என்று இவர் பக்கத்து நாற்காலியில் வினவ, வரிசை முழுதும் திரும்பி இவரை இரக்கத்தோடு நோக்கும்.

சம்பந்தமாவது, திரைக்கும் ரசிகனுக்கும் உள்ள தொடர்பு. இதில் தற்காலத் தொழில் நுட்பம் ஒரு விபரீதத்தை விளைவித்திருக்கிறது. 4கே என்று விளம்பரப்படுத்தும் காட்சியில் அகலவாட்டில் 4,096 புள்ளிகள், உயரவாட்டில் 2,160. இத்துணைத் தெளிவில், அந்நாளில் கீறல் மழையும் மங்கலும் கருணையோடு மறைத்துவைத்த ஒட்டுமீசையின் ஓரமும், டோப்பாவின் விளிம்பும் வெட்டவெளிச்சமாகின்றன. ஆயினும் ரசிகன் சினப்பதில்லை; தூரத்து உறவினரைக் கிட்டத்தில் பார்த்த மகிழ்ச்சியே அடைகிறான்.

முடிவாகப் பிரயோஜனம். நடிகருக்குப் புதுச் சம்பளமில்லை; படப்பிடிப்பில்லை; கொட்டகைக்காரருக்குப் பாப்கார்ன் விற்கிறது. இவை வெளிப்படையான பயன்கள். இன்றைய இயக்குநர்க்கு உரிய பயன் வேறொன்று: தம் படம் முடிந்து வெளியேறும் கூட்டத்தில், அடுத்த முறை முந்திக்கொண்டு சொல்லத்தக்க ஒரு வசனத்தையாவது, முந்திக்கொண்டு விசிலடிக்கத்தக்க ஓர் அசைவையாவது ஒருவன் எடுத்துச் செல்கிறானா என்று அவர் வாசலில் நின்று கவனிக்கவேண்டும். எடுத்துச் சென்றால் மூலப் பிரதியைப் பத்திரப்படுத்தக் கடவர். ஏனெனில், 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’, அதன் பெட்டியை வால்டாக்ஸ் ரோடு வழியே பூச்சொரிந்து தேங்காய் உடைத்து அழைத்துவந்ததாகச் சொல்லும் அத்தனை வைபவமும் பெற்றிருந்தும், இன்று ஒரு பிரதிகூட எஞ்சாமற் போயிற்று. அதை மறுவெளியீடு செய்ய எந்த விநியோகஸ்தராலும் ஆகாது. சற்காரிய வாதிக்கும் சுருள் வேண்டும்.

பலசுருதி: இம்மீமாம்சையைச் சிரத்தையோடு வாசித்தவர், மறுவெளியீட்டின் முதற் காட்சிக்கு நடு வரிசையில் இடம் பெறுவர்; முன்னால் நிற்பவன் தானே உட்காருவான்; செல்போன் விளக்கு கண்ணில் அடியாது. வாசியாதவர், முதல் முறை பார்க்க வந்தவரின் பக்கத்து நாற்காலியை அடைந்து, படம் முழுவதும் பதில் சொல்லிக்கொண்டிருப்பர்.