ஆற்றங்கரை அதிபர்

மதுரையிலிருந்து ராஜபாளையம் செல்லும் பெருவழியில், வத்திராயிருப்புச் சாலை பிரிகிற கிருஷ்ணன்கோவில் முக்கில், தேநீர்க் கடை பெஞ்சின் ஓரத்தை நிரந்தரமாக ஆக்கிரமித்துக்கொண்டு, மேற்கு மலையைத் தமது சொந்தத் திண்டுபோல் முதுகுக்குப் பின்னால் வைத்து வீற்றிருக்கும் பென்ஷன் கனவான் எவரையேனும் கண்டால், அவர்தாம் ஆற்றங்கரை அதிபர் என்று தயங்காமல் முடிவு செய்துகொள்ளலாம். இந்த ஜாதியில் ஊருக்கு ஒருவர் உண்டு. நான் நம் ஊர்க்காரரைச் சொல்கிறேன்.

ஆறு என்றால் பிளவக்கல் அணைப் பக்கத்து ஆறு அன்று. அதன் கரையில் வீடு இருப்பதில் என்ன கௌரவம்! சென்னை அடையாறு. உத்தியோக காலத்தில் அதன் கரையில் வாங்கிப்போட்ட பழைய ஃபிளாட்டுக்குள், 2015 டிசம்பரில், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்ட அந்தப் பிரளயத்தின்போது ஜலம் புகுந்தது. பிற்பாடு உரிமையாளர்கள் கூடி, இடித்துக் கட்டித் தரும்படி ஒரு பில்டரிடம் ஒப்படைத்தார்கள்.

ஒப்பந்தம் முடிய வேண்டிய தேதி நெருங்கும்போதெல்லாம், கால நீட்டிப்புக் கோரி ஒரு காகிதம் வந்து சேருகிறது. மற்ற உரிமையாளர்கள் பல்லைக் கடிக்கிறார்கள், வக்கீலைத் தேடுகிறார்கள். நம்மவரோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, முத்திரைத்தாள் விற்றவரின் ரப்பர் ஸ்டாம்பு ஈறாக ஓர் எழுத்து விடாமல் வாசித்து ரசித்து, முதல் ஆளாகக் கையெழுத்திட்டு, அன்று மாலையே கூரியரில் சேர்ப்பித்துவிடுகிறார்.

கட்டி முடியும்வரை உரிமையாளருக்கு மாத வாடகையைப் பில்டரே கொடுப்பது இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமான ஷரத்து. இவர் குடியிருப்பதோ பாட்டனார் கட்டிய ஓட்டு வீட்டில். அந்த வரும்படி போகட்டும், அற்பம். கட்டாத வீட்டுக்கு உள்ள சௌந்தரியம் கட்டிய வீட்டுக்கு வருமா? அதில் கொசு இல்லை, பராமரிப்புக் கட்டணம் இல்லை, மேல்மாடிக்காரர் தண்ணீர் ஒழுகவிடுவதில்லை. ஒப்பந்தத்தில் ஒன்றாக இருந்த நீச்சல் குளம் பெஞ்சில் இரண்டாகிவிட்டது.

சட்ட ஞானமும் அபாரம். 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி, போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், பூகம்பம் அல்லது வேறு இயற்கை உற்பாதங்களை முன்னிட்டுத் திட்டப் பதிவின் காலத்தை நீட்டிக்கலாம் என்பதை ஸ்பஷ்டமாக ஒப்பிப்பார். ஆகையால் மம்சாபுரம் பக்கம் நாலு தூறல் விழுந்தாலும், மேகத்தை அண்ணாந்து பார்த்து, "பில்டர் என்னய்யா பண்ணுவாரு, பாவம்!" என்று உருகுகிறார். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே பழைய அடுக்ககத்தை இடித்துக் கட்டலாம் என்று தமிழ்நாட்டில் 2022-இல் செய்த சட்டம் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் முரண்டு பிடித்தாலும் அத்தனை பேர் காரியமும் நின்றுபோன காலத்தில் இருந்த நிதானம் இப்போது இல்லையாம்.

இவ்வளவு பொறுமைசாலியின் சுற்றுச்சுவரில் சென்ற மாதம் நாலு செங்கல் பெயர்ந்து, பூச்சு வேலை நடந்தது. பொழுது சாய்ந்த வேளையில் கொத்தனார் கரணையைக் கழுவிக்கொண்டே, "அய்யா, ஒரு நா பொறுத்துக்கிடுங்க, நாளைக்குக் காலைல முடிச்சிருதேன்" என்றார்.

"என்னப்பா பேச்சு இது? மனுசன்னா சொன்ன தேதிக்கு நிக்கணும்! கூலியில பாதிதான் தருவேன்!" என்று அதிபர் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மறுநாள் காலையில் கூரியர்காரர் அடுத்த நீட்டிப்புக் காகிதத்தைக் கொண்டுவந்தபோது, அவருக்கு மோர் கொடுத்து உபசரித்ததையும் அதே தெரு பார்த்தது.

இப்பக்கம் வருகிற வாசகர்கள் அவரிடம் ஆற்றுக் காற்றைப் பற்றி விசாரிக்கலாம், நீச்சல் குளங்களைப் பற்றி விசாரிக்கலாம். சாவி எப்போது கைக்கு வரும் என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிட வேண்டாம், இருதயம் பலவீனமானவர்.