கப்பல் முதலாளி

மதுரையில் தண்ணீர் ஓடி வராது, லாரியில் வரும். ஆனால் பேட்டைப் பெயர்களை மட்டும் வாசித்தால் வெளியூர்க்காரர் எங்களை வெனிஸ் நகரத்துப் பங்காளிகள் என்றே நினைப்பார்: தல்லாகுளம், பீபீகுளம், மாடக்குளம், உலகனேரி, தெப்பக்குளம். அழகர் ஆற்றில் இறங்குவதற்கே வைகை அணையைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் குடியிருந்துகொண்டுதான் நான் பாய்மரப் படகு வாங்கினேன்.

தப்பு என்மேல் இல்லை, வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் மேல். 32 அடிப் படகு ஒன்றில் 1928இல் கிளம்பி 1931இல் உலகத்தைச் சுற்றி முடித்த அமெரிக்கர். அப்புறமும் கால் தரிக்காமல், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நம் ஆட்கள் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலைக் கண்டு மயங்கி விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைக் கடல் கடந்து ஓட்டிப்போய் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கப்பலுக்கு ராபின்சன் தன் மனைவி ஃபுளோரன்ஸின் பெயரை வைத்தார்.

இதை என் மனைவியிடம் உருக்கமாகச் சொன்னேன்.

“என்னங்க, தயவுசெஞ்சு என் பேரை வச்சிராதீங்க. நாளப்பின்ன அது ஒழுகுச்சுன்னா என் பேரைச் சொல்லித்தான ஊரே பேசும்?”

ராமேசுவரம் பக்கத்துக் கரை ஒன்றில் 22 அடி வத்தைப் படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பாய் கட்டி ஓடிய காலத்து உருப்படி. இன்ஜின் வந்த பிறகு பாய்க்கு யார் இருக்கிறார்கள்? அடியில் ஒரு வெள்ளாடு குட்டி போட்டிருந்தது.

“கடலுக்குப் போகுமாண்ணே?” என்றேன் படகுக்காரரிடம்.

“எறக்குனா இன்னைக்கும் போகும் சார்.”

போகும் என்றுதான் சொன்னார். திரும்பி வரும் என்று சொல்லவில்லை. சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டேன். அவர் உடனே தலையாட்டினார். அந்த நொடியிலேயே பஸ் ஏறியிருக்க வேண்டும். குட்டிகளைத் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டார்.

லாரியில் ஏற்றி வரும்போது பரமக்குடி டீக்கடையில் ஒருவர் அக்கறையாக விசாரித்தார்: “மதுரையில வெள்ளமாண்ணே?” டிரைவர் கிளாஸை வைத்துவிட்டு, “இனிமேத்தான்” என்றார்.

வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் இறக்கினோம். படகு கட்டும் தச்சரை அந்தக் கரையில் ஓடாவி என்பார்கள். எழுபது வயது ஓடாவி ஒருவர் உளிப்பையோடு வந்து சேர்ந்தார். சுத்தியலால் பலகை பலகையாகத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டபடியே சுற்றி வந்தார். முழுச் சுற்று முடிந்ததும், “தம்பி, இது படகு இல்ல, விறகு” என்றார். என் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். “ஆனா நல்ல விறகு.”

முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், அடியில் முதுகெலும்பாக ஓடுவது ஏரா, விலா எலும்புகள் வங்கு. இவ்வளவையும் கற்றுக்கொண்டேன். எது போயிற்று என்று அவர் சொல்லும்போது புரிய வேண்டுமல்லவா? வங்கு எல்லாவற்றுக்கும் கருவேலங்கட்டை வந்தது. பலகை வந்தது. பிறகு இன்னும் பலகை வந்தது. மூன்று மாதம் கழித்துப் பழைய படகில் மிச்சமிருந்தவை ஏராவும் ஆட்டு வாசனையும்தான். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று அம்மா சொல்வார். எங்கள் தெருவில் அப்படி வைக்க முறைப்படி உரிமை உள்ளவன் நான் ஒருவன்தான்.

அடுத்தது கலப்பத்து. பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளி வைத்து அடித்து இறக்கி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூசுகிற வேலை. எதிர்வீட்டுப் பாட்டி புகையைப் பார்த்துவிட்டு, ஏதோ பெரிய பூசை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்குள் சித்திரை வந்துவிட்டது. மதுரை வெயிலில் மரம் சுருங்கி, இடுக்குகள் வாயைப் பிளந்தன.

“மரம் தண்ணி குடிக்கணும் தம்பி. ஊறுனாத்தான் உப்பும், உப்புனாத்தான் இடுக்கு மூடும். எங்க ஊர்ல கரையோரமா முக்கிப் போட்டுருவோம்.”

இங்கே எதில் முக்குவது? திருமலை நாயக்கர் தெப்பக்குளத்தில் அம்மன் தெப்பத்துக்கு இடம் உண்டு. அதையும் வடம் பிடித்துத்தான் இழுக்கிறார்கள். என் படகுக்கு எவன் வடம் பிடிப்பான்? ஓடாவி யோசித்து ஒரு வழி சொன்னார்: தண்ணீருக்குள் படகு போக முடியாவிட்டால், படகுக்குள் தண்ணீர் போகட்டும்.

6,000 லிட்டர் லாரி வந்தது. டிரைவர் குழாயைப் பிடித்தபடி கேட்டார்: “எல்லாரும் தண்ணி மேல படகை விடுவாக. நீங்க என்ன சார், படகு மேல தண்ணியை விடுறீக?”

ஊரில் உள்ள படகுகளில் எல்லாம் தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே வரும். என் படகில் உள்ளேயிருந்து வெளியே, இருபது இடத்தில் அருவியாகப் பீய்ச்சியது. ஓடாவி ஒழுகும் இடங்களில் எல்லாம் சாக்பீஸால் குறி போட்டார். ஒவ்வொரு குறிக்கும் கீழே ஐந்து நிமிடத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம் வந்து உட்கார்ந்தது. குங்கிலிய வாசனை அடித்ததால் குடிக்க ஆகாது. பாத்திரம் கழுவ ஆகும் என்று மகளிர் தரப்பில் முடிவாகியிருந்தது. வரிசையில் என் மனைவியும் நின்றாள், இரண்டு குடத்தோடு.

மூன்றாவது லாரிக்கு மரம் உப்பிவிட்டது. அடுத்த நாள் காலையில் படகைச் சுற்றி வந்தேன். ஒரு சொட்டு இல்லை. ராபின்சன் குளோஸ்டரில் நின்றது போல இடுப்பில் கை வைத்து நின்றேன். பின்னால் எதிர்வீட்டுப் பாட்டி, காலிக் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

“ஏப்பா, அந்த அணியத்துப் பக்கம் நேத்து நல்லா வந்துக்கிட்டு இருந்துச்சே, அதை எதுக்கு அடைச்சீக?”