பிடி என்றால் பிடு

"ரீ, கார் போகுதுரீ" என்றாள் மனைவி.

"போகலை. பிரேக்கில்தான் கால் வைத்திருக்கிறேன்."

"அப்புறம் ஏன் யானை பெரிசாகிக்கொண்டே வருது?"

நியாயமான கேள்வி. ராகி அறுவடைக் காலத்தில் ஜவளகிரியிலிருந்து தளிக்குப் பொழுது சாய்ந்தபின் வரக்கூடாது என்று ஊரே சொல்லும். வந்தோம். வனத்துறை ஊழியர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டு, குட்டியோடு ஒரு கூட்டத்தைச் சாலை தாண்ட விட்டுக்கொண்டிருந்தார்கள். லேசான இறக்கம். நான் பெடலை மிதித்தபடியே இருந்தேன். பெடல் மட்டும், பஞ்சு மெத்தையில் உட்கார்ந்த மாமனார் மாதிரி, அவசரமில்லாமல் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் 2001 மாடல் மாருதி 800 பணிவோடு முன்னேறியது. "என்ன சார், கிட்டப் போய்ப் பேசணுமா?" என்றார் ஓர் ஊழியர். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அது ஆயிலை நம்பாத பழைய ஆள். கேபிள் வழியாகப் பின்சக்கரங்களைப் பிடிக்கும். பிடித்தது. வீடு வரை இரண்டாம் கியர்தான்.

காலையில் பானெட்டைத் திறந்தால் ஆயில் டப்பா நிறைந்திருக்கிறது. கீழே ஒரு சொட்டுக் கசிவில்லை. இந்த நோயின் குணமே அதுதான். மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேல் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டால், நாம் மிதிக்கும் ஆயில் சக்கரத்துக்குப் போகாமல் வாஷரைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடும். அழுத்தம் தங்காது. உடம்பில் ரத்தம் குறையவில்லை, இதயத்துக்குத்தான் வால்வு சரியில்லை.

எங்கள் மெக்கானிக் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தார். மூன்று நாள் ஆகும் என்றார்கள். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் 22 வருடமாகத் தரப் பரிசோதகன். பிறர் முடுக்கிய போல்ட்டைக் குறை சொல்லியே சம்பளம் வாங்குகிறவன். நாமே மாற்றினால் என்ன என்று தோன்றியது. அதுவரை என் கையால் நான் முடுக்கிய ஒரே பொருள் சமையலறைக் குழாய். அது இன்றும் சொட்டுகிறது.

ஆனேக்கல் வழியாகப் பெங்களூரு ஜே.சி. ரோடு போய்ப் புதுச் சிலிண்டர் வாங்கி வந்தேன். அந்தத் தெருவில் கிடைக்காத உதிரி பாகம் உலகத்தில் தயாராகவில்லை என்று அர்த்தம். பழையதைக் கழற்றுவதும் அப்படியொன்றும் கஷ்டமில்லை: இரண்டு நட்டு, அப்புறம் பைப்புகளைப் பிடித்திருக்கும் 10 எம்.எம். நட்டுகள். இந்தப் பின்னவை மட்டும் மென்மையான சுபாவம். சாதாரண ஸ்பேனரை வைத்து முறைத்தால் முனை மழுங்கி உருண்டையாகிவிடும். ஒன்று ஆயிற்று. பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது ஆயிலே இல்லை, கிளைகால் வகைத் திரவம். பெயிண்டைத் தின்னும் என்பதையும் அன்றே படித்தேன். ஃபெண்டரில் சிந்தியதை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வந்தேன். கர்நாடக வரைபடம் போல ஓரிடம் உரிந்திருந்தது.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான்: ஏர் எடுப்பது. திரவத்தை அமுக்கினால் சுருங்காது, அந்த ஒரு குணத்தை வைத்துத்தான் கார் நிற்கிறது. குழாயில் கொஞ்சம் காற்று புகுந்தால் அது சுருங்கிக் கொடுத்துவிடும், பெடல் ஸ்பாஞ்சாகும். புதுச் சிலிண்டரைப் பூட்டும் முன்பே வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, பிஸ்டனைத் தள்ளித் தள்ளிக் காற்றை வெளியேற்ற வேண்டும். எனக்கு அவசரம். அதனால் அத்தனை காற்றும் இப்போது சக்கரங்கள் வழியாக வர வேண்டும்.

தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி நான்கும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, கீழே இருப்பவர் நிப்பிளைத் திறப்பார். ஆயிலும் காற்றும் பீறிடும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். மூடுவதற்கு முன் எடுத்தால், போன காற்று சொந்தக்காரனைப் போலத் திரும்பி வந்து உட்காரும். மனைவி பெடலில். நான் பின்சக்கரத்தடியில். தளியைக் குட்டி இங்கிலாந்து என்பார்கள். அதன் அருமை முதுகைத் தரையில் வைத்தால்தான் தெரியும்.

மனைவிக்கு ஆனேக்கல். தாய்மொழி கன்னடம். 19 வருடத்தில் தமிழ் என்னைவிட நன்றாகப் பேசுகிறாள். ஆனால் இந்த எல்லையில் பதற்றம் வந்தால் எல்லாரும் அம்மா வீட்டு மொழிக்குப் போய்விடுவார்கள். நம் 'வ' அங்கே 'ப' ஆகும்: வா என்பது பா, விடு என்பது பிடு. நம் 'ப' அங்கே 'ஹ' ஆகும்: பால் ஹாலு, பூ ஹூவு, பிடி ஹிடி. பேராசிரியர்களுக்கு இது இனிப்பான விஷயம். காருக்கடியில் படுத்திருப்பவனுக்கு இல்லை.

நிப்பிளைத் திறந்துகொண்டே கத்தினேன்: "பிடி!"

சர்ரென்று காற்று உள்ளே போகும் ஓசை.

"பிடின்னு சொல்றேன்!"

"பிட்டே ரீ!" என்றாள். விட்டுவிட்டாளாம்.

ஐந்து தடவை. பக்கத்து ரோஜாத் தோட்டத்துப் பையன், தெலுங்கு வீடு, உதவிக்கு வந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டான். அவன் அவளுக்கு "நொக்கு, பட்டுக்கோ" என்று ஆணையிட, காரே மூன்றாவது மாநிலத்துக்குப் போய்விட்டது.

ஹைட்ராலிக் பிரேக்கை உலகுக்குத் தந்தவர் மால்கம் என்ற அமெரிக்கர். 1921இல் டியூசன்பெர்க் மாடல் ஏ காரின் நான்கு சக்கரங்களுக்கும் அது வந்தது. அவருடைய குடும்பப் பெயரை எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள் தாறுமாறாக உச்சரித்ததால், ஒலிக்கு ஏற்ப லாக்ஹீட் என்று எழுத்தை மாற்றிக்கொண்டு கம்பெனி நடத்தினார். இந்த பிரேக் பிறந்த வேளையே அப்படி. காதில் தப்பாக விழும் யோகம்.

கடைசியில் மொழிகளைக் கைவிட்டோம். ஸ்பேனரால் டிரம்மில் ஒரு தட்டு தட்டினால் மிதித்துப் பிடிக்க வேண்டும். இரண்டு தட்டினால் விட வேண்டும். இருட்டுவதற்குள் நான்கு சக்கரமும் முடிந்தன. பெடல் கல் மாதிரி நின்றது. ஏறி உட்கார்ந்து ஐந்து நிமிடம் மிதித்தபடியே இருந்து பார்த்தேன்; ஒரு நூல் இறங்கவில்லை.

இப்போதெல்லாம் சாப்பிடும்போது அந்தச் சிலிண்டர் மாற்றிய கதையை விருந்தாளி யாரிடமாவது எடுத்தேன் என்றால், எதிரே தட்டில் கரண்டி இரண்டு முறை விழுகிறது.