புங்கனூர் மிதிபடகு விசாரம்

பிரபஞ்சத்தின் தோற்றம், ஆத்மாவின் நித்தியத்துவம், சங்க காலத்தின் எல்லை முதலிய பெரிய விஷயங்கள் யாவும் வித்வான்களால் ஏற்கெனவே போதிய அளவு கலக்கப்பட்டுவிட்டமையால், பின்னால் வந்த நம்மைப் போன்றோர்க்கு எஞ்சியிருப்பவை சில்லறை விஷயங்களே. அவற்றுள் ஒன்று வருமாறு: ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய தோல் நகரங்களின் ஜனங்கள், விடுமுறை நாளில் குடும்ப சமேதராய் ஏலகிரி மலைமேல் ஏறி, புங்கனூர் ஏரிக்கரையில் வரிசையில் நின்று, பணம் கொடுத்துச் சீட்டு வாங்கி, ‘பெடல் போட்’ என்று அவர்களால் வழங்கப்படும் மிதிபடகில் அமர்ந்து, மூச்சுவாங்க மிதித்து, ஏறிய இடத்திலேயே இறங்குகிறார்கள். இது ஏன்? இவ்வினாவை, நம் முன்னோர் சாஸ்திர விசாரத்துக்குக் கண்ட முறைப்படி விஷயம், சம்சயம், பூர்வபட்சம், சித்தாந்தம், பிரயோஜனம் என்று அங்கம் அங்கமாகப் பகுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது, விஷயம். ஏலகிரி என்பது 2019ஆம் ஆண்டு வரை வேலூர் மாவட்டத்திலும் அதன்பின் திருப்பத்தூர் மாவட்டத்திலும் இருந்துவரும் மலை. மலை இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டந்தான் நகர்ந்தது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் 14 சிற்றூர்களைத் தாங்கி நிற்கும் இம்மலையின் பெயரைச் சென்னைக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே ஓடும் ரயில் ஒன்று பூண்டிருக்கிறது. அந்த ரயிலோ தன் பெயருக்கு உரிய மலையை ஜோலார்பேட்டையில் நின்றபடியே தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. மேலே செல்ல விரும்புவோர் பொன்னேரி அடிவாரத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். பாவேந்தர், பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார் என்று முதல் ஏழு வளைவுகளும் புலவர் பெயர் பெற்றவை; பாரி, காரி, ஓரி, ஆய், அதியமான், நள்ளி, பேகன் என்று அடுத்த ஏழும் கடையெழு வள்ளல்கள் பெயர் பெற்றவை. பரிசில் நாடிய புலவன் மலையேறித்தான் வள்ளலைக் காண வேண்டியிருந்தது என்னும் இலக்கிய உண்மையை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பல்கலைக்கழகமும் போதித்ததில்லை. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் கடைசி வளைவில், அதாவது சன்னலோரம் அமர்ந்தவர் முகத்தில் காற்றுச் சில்லென்று அடித்து, பையிலிருக்கும் ஸ்வெட்டரின் ஞாபகத்தை எழுப்பும் இடத்தில், நிறுத்தப்பட்டிருப்பது பெயரிட்டவர்களின் புலமையா, தற்செயலா என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது. பஸ்ஸில் இருப்போர்க்கு இதிலெல்லாம் கவனம் செல்வதில்லை. அவர்கள் ஒரு கையால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டும், மறு கையால் பிள்ளையின் வாய்க்கு நேரே பாலிதீன் பையைப் பிடித்துக்கொண்டும், கம்பரையும் கபிலரையும் கண்மூடியே கடக்கிறார்கள்.

இத்தனை கிலேசப்பட்டு மேலே வந்தவர், அத்தனாவூரில் இறங்கிப் பலாச்சுளை தின்றுவிட்டு நிழலில் சாய்ந்திருக்கலாம். சுவாமிமலை உச்சிக்கு நடக்கலாம். வேலவன் கோயிலில் கும்பிட்டுவிட்டு அங்குள்ள கடோற்கஜன் சிலையை அண்ணாந்து பார்க்கலாம். இவற்றைச் செய்பவர்களும் படகுத்துறைக்கு வராமல் போவதில்லை. மற்றெல்லாப் பிரயாணங்களுக்கும் போய்ச் சேரும் இடம் ஒன்று உண்டு. இப்படகுப் பிரயாணத்துக்கோ அது கிடையாது. பயன் இல்லாத காரியத்தில் மந்தபுத்தியுள்ளவனும் இறங்கமாட்டான் என்பது சாஸ்திரக்காரர் துணிபு. ஆனால் இங்கே புத்திமான்கள் வரிசையில் நிற்கிறார்கள். இதுவே சம்சயம்.

இதற்குச் சொல்லப்படும் பூர்வபட்சங்கள் மூன்று. ஜலதரிசனவாதிகள் கூறுவதாவது: பாலாறு நந்தி மலையில் பிறந்து, மூன்று மாநிலங்களைக் கடந்து, வயலூர் அருகே கடலில் கலப்பதாகப் பூகோள புத்தகத்தில் காணப்படினும், ஆம்பூர்வாசி அன்றாடம் காண்பது மணலையும் முள்செடியையுமே, தோல் பதனிடும் கழிவால் அந்த மணலுக்கும் அடியிலுள்ள நீருக்கும் நேர்ந்த கதி, வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில் 1996ஆம் வருஷம் ஆகஸ்டு 28ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு வழங்கிய தீர்ப்பில் விஸ்தாரமாக ஏறியிருக்கிறது, ஆகவே நிறைந்து நிற்கும் நீரைக் கண்டதும் அதன் நடுவே போய் அமர வேண்டும் என்னும் தாகம் இவர்களுக்கு எழுகிறது. இக்கொள்கை உருக்கமானதே, ஆயினும் 2021ஆம் வருஷம் நவம்பரில் பாலாற்றில் இரு கரை தொட்டு வெள்ளம் வந்தபோது இதே ஜனங்கள் பாலத்தின் மேல் நின்று கண்ணாரப் பார்த்தார்களேயன்றி, மிதிபடகு வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆதலின் நீரைக் காணும் ஆசை கரையிலே தீர்ந்துவிடுவது; அது படகுக்குக் காரணம் ஆகாது.

இரண்டாமவர் ஜீரணவாதிகள். சீரக சம்பா அரிசியில் செய்த ஆம்பூர் பிரியாணியை எண்ணெய்க் கத்திரிக்காயோடும் தயிர் வெங்காயத்தோடும் பாத்திரத்தோடு கட்டியெடுத்து வந்து பூங்காவில் பரப்பி உண்டவர்க்கு, அது செரிக்கும்பொருட்டுத் தேகப்பயிற்சி அவசியமாகிறது என்பது இவர்கள் வாதம். படகுத்துறையில் கொஞ்ச நேரம் நிற்பவர்க்கே இது அடிபட்டுப் போகும். பிரியாணியை அதிகம் உண்டவர் படகில் பின்னிருக்கையைத் தேடுகிறார். நால்வர் படகில் மிதிகட்டை முன்னிருக்கைக்கு மட்டுமே உண்டு என்பது அவர் அறிந்ததே.

மூன்றாமவர் வாசனாவாதிகள், இவர்களே வலியவர்கள். ஷூ கம்பெனியில் கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், ஃபினிஷிங் என்று வேலை பலவாகப் பிரிந்திருப்பினும், மேல்தோலைத் தைக்கும் பெண்ணின் கால் நாள் முழுவதும் தையல் மெஷினின் பெடலின் மேலேயே இருக்கிறது. விரல் வளைவில் வரும்போது தளர்ந்தும், நேர்த்தையலில் அழுந்தியும், மணி அடிக்கும் வரையில் அது ஓய்வதில்லை. இவ்வாறு பழகிய கால், பூர்வ ஜன்ம வாசனை ஜீவனைத் தொடர்வது போல, விடுமுறையிலும் ஒரு பெடலைத் தேடிப்போகிறது என்பார் இவர். இதற்கு நம் மறுப்பு: அப்படியாயின் அந்தப் பெண் பழக்கத்தின்படி முகத்தை இறுக்கிக்கொண்டு மிதிக்க வேண்டும். அவளோ, ஆரஞ்சு நிற மிதவை அங்கியின் பட்டை கழுத்தை அறுத்தபோதிலும், பக்கத்துப் படகிலிருக்கும் நாத்தனாரைப் பார்த்து, ‘அண்ணி, எங்களப் புடிங்க பாக்கலாம்!’ என்று கூவிச் சிரித்துக்கொண்டு மிதிக்கிறாள். மெஷின் முன்னால் இந்தச் சிரிப்பு எழுந்ததாகச் சூப்பர்வைசர் எவரும் சாட்சி சொல்லார். காரியம் வேறுபடுவதால் காரணமும் வேறுபட்டே இருத்தல் வேண்டும்.

இனிச் சித்தாந்தம். ஏரி இருப்பதால் படகு விடுகிறார்கள் என்பது பொதுஜன அபிப்பிராயம். சரித்திரம் இதைச் சற்றே புரட்டிவிடுகிறது. ஊட்டியில் ஓடைகளை மறித்து ஏரி உண்டாக்கியவர் கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் துரை. கோடைக்கானலில் 1863ஆம் வருஷம் நட்சத்திர வடிவாக ஏரி அமைத்து, கடலோரத் தூத்துக்குடியிலிருந்து மலைமேல் படகைக் கொண்டுவந்து அதில் மிதக்கவிட்டவர் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்ச் துரை. புங்கனூர் ஏரியும் மனிதர் அமைத்ததே. எனவே, மலைமேல் படகில் மிதக்க வேண்டும் என்னும் விபரீத ஆசை முன்னதாகவும், அதற்கு இடம் தரும் ஏரி பின்னதாகவும் தோன்றின என்று அனுமானிப்பதில் தர்க்க தோஷம் இல்லை. படகு காரணம், ஏரி காரியம்.

அந்த ஆசைதான் யாது? தோல் நாட்டில் கால் என்பது சர்வதேச வியாபாரத்துக்கு உட்பட்ட உறுப்பு. இவ்வூரார் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட நாளிலும், குரோமியத்துக்கு மாறிய பின்னரும், அவர்கள் உழைத்ததெல்லாம் அயலார் காலுக்காகவே. ஜெர்மனிக்காரரின் கால் அளவும் ஆங்கிலேயரின் கால் அளவும் மனப்பாடமாகத் தெரிந்தவர், தாம் மட்டும் ரப்பர் செருப்போடு வேலைக்குப் போய்வருகிறார். அவர் மெஷினை ஒரு முறை மிதித்தால் அது தையலாகிறது, தையல் ஜோடியாகிறது, ஜோடி டார்கெட்டாகிறது, டார்கெட் கப்பலேறுகிறது. அவருடைய கால் அசைவுகளில் எந்தக் கணக்கிலும் ஏறாதது, எந்தத் துறைமுகத்துக்கும் போகாதது, மிதித்தவரையே சுமந்துசென்று மிதித்தவரையே திருப்பிக் கொண்டுவந்து விடுவது ஒன்றே ஒன்று. அது புங்கனூர் ஏரியில் நிகழ்கிறது. போய்ச்சேரும் இடம் இல்லாமை இப்பிரயாணத்தின் குறை என்று சம்சயத்தில் சொன்னோம். அதுவே அதன் லட்சணம் என்பது இப்போது சித்தம். பிறர்க்கு யாதொரு பிரயோஜனமும் இல்லாத வேலையைத் தன் செலவில் தானே செய்துகொள்ளும் உரிமைக்கு விடுமுறை என்று பெயர்.

கடைசியாகப் பிரயோஜனம். இவ்வுரிமையை ஒருவருக்காக மற்றொருவர் அனுபவிக்க இயலாது என்பது மேற்கண்டதிலிருந்து தானே பெறப்படும். நடைமுறையிலோ அதற்குப் பங்கம் விளைகிறது. மாமனாரும் மருமகனும் முன்னிருக்கையில் அமர்கிறார்கள். நடுவிலுள்ள திருப்பும் கைப்பிடியை மாமனார் பற்றிக்கொள்கிறார். ‘மாப்ள, கொஞ்சம் அழுத்துங்க, காத்து எதுத்து அடிக்குது.’ ‘அழுத்திக்கினுதான் மாமா இருக்கேன்.’ ‘அப்புறம் ஏன் போட்டு நவுரவே மாட்டேங்குது?’ மருமகன் குனிந்து பார்க்கிறார். மாமனாரின் இரு பாதங்களும் மிதிகட்டையை விட்டு விலகி, ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பரம சாந்தியில் இருக்கின்றன. மருமகன் ஒன்றும் சொல்வதில்லை; மாமனார் என்ற மரியாதை தடுக்கிறது. படகு ஒரே இடத்தில் வட்டமிட, கரையிலிருந்து சீட்டுக்காரர் விசில் ஊதுகிறார்.

ஆகவே, ஆராய்ச்சியின் முடிவாக நாம் விதிப்பது இது: படகில் முன்னிருக்கை ஏறுவோர் வயது, உறவு, பிரியாணியின் அளவு ஆகிய பேதங்களின்றி இருவரும் மிதிக்கக் கடவர், மிதியாதவர் கைப்பிடியைத் தொடலாகாது. மாமனார்மார்கள் இதைப் படிக்க வாய்ப்பு இல்லையாதலால், மருமகன்மார்கள் சீட்டு வாங்குவதற்கு முன்பே இவ்விதியை அவர்களுக்கு வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.